பாலியல் குற்றவாளிகள் மீண்டும் குற்றம் செய்கிறார்களா? 80 சதவீதம் என்ற எண்ணும் உண்மைக் கணக்கும்

அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் பாலியல் வன்கொடுமைக் குற்றத்துக்காகத் தண்டனை அனுபவித்துக்கொண்டிருந்த ஒரு கைதியிடம், விடுதலைக்கு இன்னும் சில ஆண்டுகளே இருந்த நிலையில், 1994இல் சிறை நிர்வாகம் ஒரு சிகிச்சைத் திட்டத்தில் சேரச் சொன்னது. சேர்வதானால், நீதிமன்றத்தில் நிரூபிக்கப்பட்ட குற்றத்தை மட்டுமல்லாமல், அதுவரை வெளியே தெரியாத பழைய பாலியல் குற்றங்கள் இருந்தால் அவற்றையும் எழுதிக் கொடுக்க வேண்டும். அப்படி எழுதிக் கொடுத்ததை வைத்துப் புதிய வழக்குப் போட மாட்டோம் என்ற உறுதியை நிர்வாகம் தரவில்லை. சேர மறுத்தால் பார்வையாளர் சந்திப்பு, சிறை வேலைக்கான கூலி, தொலைக்காட்சி ஆகிய சலுகைகள் குறையும், கடுங்காவல் பகுதிக்கு மாற்றப்படுவீர்கள் என்றும் அவரிடம் சொல்லப்பட்டது. தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லும்படி ஒருவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்ற அரசியலமைப்பு உரிமையை முன்வைத்து அவர் வழக்குத் தொடர்ந்தார். 'மெக்யூன் எதிர் லைல்' என்று அறியப்படும் அந்த வழக்கில், 2002இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் சிறை நிர்வாகத்தின் பக்கம் நின்றது.

அந்தத் தீர்ப்பின் முதன்மைக் கருத்துரையை எழுதிய நீதிபதி ஆன்டனி கென்னடி, சிகிச்சை பெறாத பாலியல் குற்றவாளிகள் மீண்டும் குற்றம் செய்யும் விகிதம் 80 சதவீதம் வரை இருக்கும் என மதிப்பிடப்பட்டிருப்பதாகக் குறிப்பிட்டு, அந்த ஆபத்தை "அச்சமூட்டுவது, உயர்ந்தது" என்று வருணித்தார். மறு ஆண்டே, அலாஸ்கா மாநிலத்தின் பாலியல் குற்றவாளிகள் பதிவேட்டை எதிர்த்த 'ஸ்மித் எதிர் டோ' வழக்கில், அதே நீதிபதி எழுதிய தீர்ப்பில் அதே சொற்கள் திரும்பவும் வந்தன. பதிவேட்டுச் சட்டம் வருவதற்கு முன்பே தண்டனையை முடித்து வெளியே வந்துவிட்டவர்களையும் பின்தேதியிட்டு அதில் சேர்க்கலாம், அது தண்டனை ஆகாது, பொதுப் பாதுகாப்புக்கான ஏற்பாடு மட்டுமே என்று நீதிமன்றம் முடிவு செய்ததற்கு அந்த ஆபத்து பற்றிய நம்பிக்கையே முக்கியத் தாங்கலாக இருந்தது. அதன் பிறகு கீழமை நீதிமன்றங்களும் மாநிலச் சட்டமன்றங்களும் அந்தச் சொற்களை ஆண்டுக்கணக்கில் எடுத்தாண்டு வந்தன.

அந்த 80 சதவீதம் எங்கிருந்து வந்தது என்பதைச் சட்டப் பேராசிரியர் ஐரா எல்மனும் தாரா எல்மனும் 2015இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் தேடிப் பார்த்தார்கள். நீதிபதி மேற்கோள் காட்டியது 1988இல் அமெரிக்க நீதித்துறையின் கீழ் வெளியான, சிறைகளில் சிகிச்சை அளிப்போருக்கான ஒரு கையேடு. அந்தக் கையேடு அந்த எண்ணுக்கு ஆதாரமாகக் காட்டியது 1986இல் 'சைக்காலஜி டுடே' என்ற வெகுஜன இதழில் வந்த ஒரு கட்டுரை. அந்தக் கட்டுரையை எழுதியவர்கள் ஓரெகன் மாநிலச் சிறையில் ஒரு சிகிச்சைத் திட்டத்தை நடத்தியவர்கள். தங்கள் திட்டத்தின் சிறப்பைச் சொல்ல வந்த இடத்தில், சிகிச்சை பெறாதவர்களில் 80 சதவீதம் வரை மீண்டும் குற்றம் செய்கிறார்கள் என்று ஒரு வரி எழுதியிருந்தார்கள். அந்த வரிக்குப் பின்னால் ஆய்வு இல்லை, யாரை எத்தனை ஆண்டு பின்தொடர்ந்தார்கள் என்ற விவரம் இல்லை, அடிக்குறிப்புக்கூட இல்லை. ஒரு நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம் லட்சக்கணக்கானவர்களின் வாழ்க்கையையும், அதைவிட முக்கியமாக, குழந்தைகளையும் பெண்களையும் எப்படிப் பாதுகாப்பது என்ற கொள்கையையும் தீர்மானிக்கும்போது கையில் எடுத்தது அந்த ஒற்றை வரியைத்தான்.

உண்மையான கணக்கெடுப்பு 2002 தீர்ப்புக்கு அடுத்த ஆண்டே வந்துவிட்டது என்பதுதான் வேதனை. அமெரிக்க நீதித்துறையின் புள்ளியியல் பிரிவு 2003இல் வெளியிட்ட அறிக்கை, 1994இல் 15 மாநிலங்களின் சிறைகளிலிருந்து விடுதலையான 9,691 ஆண் பாலியல் குற்றவாளிகளை மூன்று ஆண்டுகள் பின்தொடர்ந்தது. அந்த ஆண்டு நாடு முழுவதும் மாநிலச் சிறைகளிலிருந்து வெளியே வந்த ஆண் பாலியல் குற்றவாளிகளில் மூன்றில் இரண்டு பங்கினர் இந்தக் கணக்கில் அடங்குவார்கள் என்பதால், இதைச் சிறிய மாதிரி என்று யாரும் ஒதுக்கிவிட முடியாது. மூன்று ஆண்டுகளுக்குள் புதிதாக ஒரு பாலியல் குற்றத்துக்காகக் கைதானவர்கள் 5.3 சதவீதம். அப்படியொரு குற்றத்துக்காகத் தண்டனை உறுதியானவர்கள் 3.5 சதவீதம். எந்தக் குற்றமாக இருந்தாலும் சரி, மீண்டும் ஒருமுறையாவது கைதானவர்கள் 43 சதவீதம். அதே ஆண்டு வெளிவந்த மற்றக் கைதிகளில் இந்த விகிதம் 68 சதவீதம். புதிய பாலியல் குற்றக் கைதுகளில் ஐந்தில் இரண்டு பங்கு, விடுதலையான முதல் பன்னிரண்டு மாதத்துக்குள்ளேயே நிகழ்ந்திருந்தது.

இந்த அறிக்கையில் இன்னொரு ஒப்பீடும் உண்டு. விடுதலையான பாலியல் குற்றவாளிகள் அல்லாத 2,62,420 கைதிகளில் 1.3 சதவீதம் பேர், அதாவது 3,328 பேர், அந்த மூன்று ஆண்டுகளில் பாலியல் குற்றத்துக்காகக் கைதானார்கள். பாலியல் குற்றவாளிகளில் அப்படிக் கைதானவர்கள் 517 பேர். இப்போது இந்த எண்களை இரண்டு விதமாகச் சொல்லலாம், இரண்டும் உண்மை. பாலியல் குற்றவாளி ஒருவர் மீண்டும் பாலியல் குற்றத்துக்காகக் கைதாகும் வாய்ப்பு மற்றக் கைதியைவிட நான்கு மடங்கு அதிகம் என்று சொல்லலாம். சிறையிலிருந்து வெளிவந்தவர்கள்மீது பதிவான புதிய பாலியல் குற்றக் கைதுகளில் 87 சதவீதம், அதற்கு முன் பாலியல் குற்றத்துக்காகச் சிறையில் இல்லாதவர்களுடையது என்றும் சொல்லலாம். முதல் வாக்கியம் மட்டும் தலைப்புச் செய்தியாகும்போது, வாசகர் மனத்தில் பதிவது நான்கு மடங்கு என்ற அச்சம். எதன் நான்கு மடங்கு என்பது காணாமல் போய்விடுகிறது. 2019இல் அதே பிரிவு, 2005இல் 30 மாநிலங்களில் விடுதலையானவர்களை ஒன்பது ஆண்டுகள் பின்தொடர்ந்து வெளியிட்ட அறிக்கையிலும் இதுவே நடந்தது. ஒன்பது ஆண்டுகளில் பாலியல் வன்கொடுமைக்காக மீண்டும் கைதானவர்கள் 7.7 சதவீதம், மற்றக் கைதிகளில் 2.3 சதவீதம். செய்தியாக வந்தது "மூன்று மடங்கு". எந்தக் குற்றத்துக்காகவேனும் மீண்டும் கைதானவர்கள் பாலியல் குற்றவாளிகளில் 67 சதவீதம், மற்றவர்களில் 84 சதவீதம் என்ற தகவலும், நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு பேர் ஒன்பது ஆண்டுகளில் அப்படியொரு குற்றத்துக்காகக் கைதாகவில்லை என்ற தகவலும் அதே அறிக்கையில்தான் இருந்தன.

இதைப் படிக்கும் எவருக்கும் ஒரு கேள்வி எழ வேண்டும், எழாவிட்டால்தான் தவறு. கைதானவர்களை மட்டும் எண்ணினால் போதுமா? பாலியல் குற்றங்களில் பெரும்பகுதி காவல் நிலையத்தையே எட்டுவதில்லை. அமெரிக்காவில் வீடு வீடாகச் சென்று கேட்கும் குற்றப் பாதிப்பு ஆய்வின்படி, 2006 முதல் 2010 வரையிலான காலத்தில் பாலியல் வன்கொடுமைகளில் 65 சதவீதம் காவல்துறையிடம் தெரிவிக்கப்படவில்லை. அந்த ஆய்விலும் பன்னிரண்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளிடம் கேட்பதில்லை. ஆகவே 5.3 சதவீதம் என்பதும் 7.7 சதவீதம் என்பதும் குற்றம் செய்தவர்களின் விகிதம் அல்ல, பிடிபட்டவர்களின் விகிதம். உண்மை அதைவிடக் கூடுதலாகவே இருக்கும். பாதிக்கப்பட்டவர்களோடு வேலை செய்கிறவர்கள் இந்தக் குறைந்த சதவீதங்களைக் கேட்டுக் கோபப்படுவதில் முழு நியாயம் இருக்கிறது. அவர்களிடம் வரும் பெண்களில் பலர் ஒருபோதும் எந்தப் புள்ளிவிவரத்திலும் இடம்பெறப் போவதில்லை.

ஆனால், வெளியே தெரியாத குற்றங்கள் உண்டு என்பதிலிருந்து 80 சதவீதத்துக்குத் தாவ முடியாது. தண்டனை முடிந்து வெளியே வந்தவரின் முகவரி காவல்துறையிடம் இருக்கிறது, பரோல் அதிகாரி கதவைத் தட்டுகிறார், அக்கம்பக்கத்தார் கண்காணிக்கிறார்கள், சந்தேகம் என்றால் முதலில் விசாரிக்கப்படுபவர் அவர்தான். எனவே புகார் ஆகாமல் போவதன் பலன் அவரைவிட, இதுவரை யாரும் சந்தேகிக்காத முதல்முறைக் குற்றவாளிக்கே அதிகம் கிடைக்கிறது. மறைந்திருக்கும் குற்றங்களின் பாரத்தை முழுக்க ஏற்கெனவே தண்டிக்கப்பட்டவர்கள்மீது ஏற்றினால், மறைந்திருப்பவர்கள் இன்னும் வசதியாக மறைந்துகொள்வார்கள்.

பின்தொடரும் காலத்தை நீட்டினால் விகிதம் கூடும் என்பதும் உண்மை. கனடாவின் ஆய்வாளர்கள் ஆண்ட்ரு ஹாரிஸும் கார்ல் ஹான்சனும் 2004இல் 4,724 பேரின் தரவுகளைத் தொகுத்தபோது, புதிய பாலியல் குற்றத்துக்காகக் குற்றம்சாட்டப்பட்டவர்கள் அல்லது தண்டிக்கப்பட்டவர்கள் ஐந்து ஆண்டுகளில் 14 சதவீதம், பத்து ஆண்டுகளில் 20 சதவீதம், பதினைந்து ஆண்டுகளில் 24 சதவீதம் என்று கண்டார்கள். அமெரிக்க அரசின் எண்ணைவிட இது கணிசமாக உயர்ந்தது. இதை மறைத்துப் பேசுவது நேர்மையல்ல. ஆனால் இந்தச் சராசரிக்குள் அடங்கியிருக்கும் மனிதர்கள் ஒரே மாதிரியானவர்கள் இல்லை. குடும்பத்துக்குள் குற்றம் செய்தவர்களில் பதினைந்து ஆண்டுகளில் 13 சதவீதம். குடும்பத்துக்கு வெளியே சிறுவர்களைக் குறிவைத்தவர்களில் 35 சதவீதம். முதல்முறை தண்டிக்கப்பட்டவர்களில் 19 சதவீதம். அதற்கு முன்பே பாலியல் குற்றத்துக்காகத் தண்டனை பெற்றிருந்தவர்களில் 37 சதவீதம். ஐம்பது வயதுக்கு மேல் வெளியே வந்தவர்களில் 12 சதவீதம். பதின்ம வயதில் குற்றம் செய்தவர்கள் தனி வகை: மைக்கேல் கால்டுவெல் 2016இல் 106 ஆய்வுகளில் அடங்கிய 33,783 சிறார்களின் தரவைத் தொகுத்தபோது, மீண்டும் பாலியல் குற்றம் செய்தவர்கள் 5 சதவீதத்துக்குக் கீழேதான் இருந்தார்கள். இவர்கள் அத்தனை பேரையும் ஒரே சொல்லால் குறித்து, ஒரே விகிதத்தைத் தலையில் கட்டுவதில்தான் குழப்பமே தொடங்குகிறது.

குடும்பத்துக்குள் குற்றம் செய்தவர்களின் விகிதம் குறைவாக இருப்பதற்கு ஒரு எச்சரிக்கையும் தேவை. அப்பாவோ மாமாவோ செய்த குற்றம் ஒருமுறை வெளியே வந்து அவர் சிறைக்குப் போய்த் திரும்பும்போது, அந்தக் குழந்தை வளர்ந்திருக்கும் அல்லது பாதுகாப்பான இடத்தில் இருக்கும். அவருக்கு வேறு குழந்தைகளை நெருங்கும் வழி பெரும்பாலும் இருக்காது. எண் குறைவு என்பதால் அந்தக் குற்றத்தின் கொடுமை குறைவு என்று ஆகிவிடாது. அது ஆண்டுக்கணக்கில் ஒரே குழந்தைமீது, ஒரே கூரையின் கீழ் நடந்திருக்கலாம். கணக்கில் அது ஒரு குற்றவாளி, ஒரு தண்டனை.

யார் மீண்டும் குற்றம் செய்யக்கூடும் என்பதை முன்கூட்டிக் கணிக்கும் முயற்சி 1990களிலிருந்து வளர்ந்துவந்தது. அதில் மிகப் பரவலாகப் பயன்படுவது ஹான்சனும் டேவிட் தார்ன்டனும் உருவாக்கிய 'ஸ்டாட்டிக்-99' என்ற மதிப்பீட்டுப் படிவம். பத்தே கேள்விகள். விடுதலையாகும்போது வயது என்ன, துணையோடு இரண்டு ஆண்டுகளாவது சேர்ந்து வாழ்ந்ததுண்டா, இப்போதைய வழக்கில் பாலியல் அல்லாத வன்முறையும் உண்டா, முன்பு அப்படி உண்டா, முந்தைய பாலியல் குற்றங்கள் எத்தனை, இதற்கு முன் எத்தனை முறை தண்டனை விதிக்கப்பட்டது, தொடுதல் இல்லாத பாலியல் குற்றங்கள் உண்டா, பாதிக்கப்பட்டவர்களில் உறவினர் அல்லாதவர் உண்டா, முன்பின் தெரியாதவர் உண்டா, ஆண் உண்டா. ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட்டுக் கூட்டினால் ஒருவர் எந்தப் பிரிவில் வருகிறார் என்று தெரியும். மனந்திருந்தினாரா, அழுதாரா, குற்றத்தை ஒப்புக்கொண்டாரா என்று எதுவும் அதில் இல்லை. நேர்காணலில் ஒருவரைப் பார்த்து மனநல நிபுணர் தன் அனுபவத்தை மட்டும் நம்பிச் சொல்லும் கணிப்பைவிட, இந்த வறண்ட பத்துக் கேள்விகள் கூடுதலாகச் சரியாக இருப்பது பல நாடுகளின் ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரியவந்திருக்கிறது. குற்றத்தை மறுப்பவர்தான் ஆபத்தானவர் என்ற நம் பொது நம்பிக்கைக்கு, ஹான்சன் தொகுத்த பெரிய ஆய்வுகளில் போதிய ஆதரவு கிடைக்கவில்லை. கான்சஸ் கைதியை எழுதிக் கொடு என்று வற்புறுத்தியதற்கு அடிப்படையாக இருந்ததும் அந்த நம்பிக்கைதான்.

படிவத்திலும் ஒரு குறை உண்டு: அது மாறாத விஷயங்களை மட்டும் கேட்கிறது. காலம் போகப் போக ஆபத்து குறைகிறதா என்பதை அது சொல்வதில்லை. 2014இல் ஹான்சனும் சகாக்களும் 21 தொகுப்புகளில் அடங்கிய 7,740 பேரை ஆராய்ந்தபோது கிடைத்த விடைதான், என் பார்வையில், இந்தத் துறை நமக்குத் தந்த மிக முக்கியமான தகவல். உயர் ஆபத்துப் பிரிவினரில் விடுதலையான முதல் ஐந்து ஆண்டுகளில் மீண்டும் பாலியல் குற்றம் செய்தவர்கள் 22 சதவீதம். ஆனால் அதே பிரிவைச் சேர்ந்த ஒருவர் வெளியே பத்து ஆண்டுகள் பாலியல் குற்றம் ஏதுமின்றி வாழ்ந்துவிட்டால், அதற்குப் பிந்தைய ஐந்து ஆண்டுகளில் அந்த வாய்ப்பு 4.2 சதவீதமாகச் சுருங்கிவிடுகிறது. தாழ்ந்த ஆபத்துப் பிரிவினரின் விகிதமோ தொடக்கத்திலிருந்தே 1 முதல் 5 சதவீதத்துக்குள்தான். ஆபத்து விடுதலையான முதல் சில ஆண்டுகளில் குவிந்து கிடக்கிறது என்றால், பரோல் அதிகாரியின் நேரம், சிகிச்சை, வேலை வாய்ப்பு, தங்குமிடம் எல்லாம் அந்த ஆண்டுகளில், அந்தப் பிரிவினர்மேல் குவிய வேண்டும்.

அமெரிக்கா செய்ததோ நேர்மாறு. 1994இல் வந்த கூட்டாட்சிச் சட்டம் எல்லா மாநிலங்களையும் பதிவேடு தொடங்கச் சொன்னது. 1996இல் வந்த மேகன் சட்டம் அந்தத் தகவலைப் பொதுமக்களுக்குத் தெரிவிக்கச் சொன்னது. 2006இல் வந்த ஆடம் வால்ஷ் சட்டம் பதிவேடுகளை இணையத்தில் விரிவாக்கியது. கொல்லப்பட்ட, கடத்தப்பட்ட குழந்தைகளின் பெயர்களைத் தாங்கிய சட்டங்கள் இவை. அவற்றைக் கேட்டுப் போராடிய பெற்றோரின் துயரத்தை யாரும் குறைத்துப் பேச முடியாது. ஆனால் விளைவாகப் பதிவேட்டில் ஏறியவர்கள் 9 லட்சத்தைத் தாண்டினார்கள். சட்டம் மேகன் என்ற சிறுமியின் பெயரில் பிறந்த நியூ ஜெர்சியிலேயே 2008இல் வந்த ஆய்வு, அச்சட்டத்தால் பாலியல் மறுகுற்றங்கள் குறைந்ததற்கான அடையாளம் இல்லை என்று முடிவு கூறியது. மாநிலம் அதற்காக 2007இல் செலவிட்ட தொகை 40 லட்சம் டாலரை நெருங்கியது. ஜே.ஜே. பிரெஸ்காட்டும் ஜோனா ராக்காஃபும் 15 மாநிலத் தரவுகளை வைத்து 2011இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் நுணுக்கமானது. முகவரியைக் காவல்துறையிடம் பதிவு செய்வது, அக்கம்பக்கத்தாருக்கும் தெரிந்தவர்களுக்கும் எதிரான குற்றங்களைக் குறைப்பதாகத் தோன்றியது. அதே தகவலைப் பொதுமக்களுக்கு அறிவிப்பதோ, இதுவரை பதிவேட்டில் இல்லாதவர்களைச் சற்று மிரட்டித் தடுத்தாலும், பதிவேட்டில் உள்ளவர்கள் மீண்டும் குற்றம் செய்வதைக் கூட்டக்கூடும் என்று காட்டியது. வேலையும் வீடும் சுற்றமும் இல்லாமல் போனவருக்கு இழப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை என்பதே அவர்கள் தந்த விளக்கம்.

அப்படி ஒன்றும் மிச்சமில்லாத நிலை எப்படி இருக்கும் என்பதை மயாமி நகரம் காட்டியது. பள்ளி போன்ற இடங்களிலிருந்து 2,500 அடிக்குள் இவர்கள் வசிக்கக் கூடாது என்று அந்த வட்டாரத்தில் விதி வந்தபோது, வரைபடத்தில் வசிக்கத் தக்க இடம் ஏறத்தாழ இல்லாமல் போயிற்று. ஜூலியா டட்டில் என்ற கடற்பாலத்தின் அடியில் கூடாரங்களும் பலகைக் குடிசைகளும் முளைத்தன. சிலருடைய ஓட்டுநர் உரிமத்தில் முகவரியாக அந்தப் பாலத்தின் பெயரே இருந்தது. 2010இல் அந்த இடம் காலி செய்யப்பட்டது. இத்தகைய வசிப்பிடத் தடை எதைத் தடுக்கும் என்பதை மின்னசோட்டா மாநிலச் சிறைத்துறை ஆராய்ந்திருக்கிறது. 1990 முதல் 2002 வரை வெளியே வந்து, மீண்டும் பாலியல் குற்றத்துக்காகச் சிறைக்குத் திரும்பிய 224 பேரின் வழக்குகளை ஒவ்வொன்றாக எடுத்து, குற்றம் எங்கே நடந்தது, பாதிக்கப்பட்டவரோடு தொடர்பு எப்படி ஏற்பட்டது, பள்ளியோ பூங்காவோ பக்கத்தில் இருந்தது காரணமா என்று பார்த்தார்கள். வசிப்பிடத் தடை இருந்திருந்தால் தவிர்க்கப்பட்டிருக்கும் என்று சொல்லத்தக்க வழக்கு ஒன்றுகூட இல்லை. பெரும்பாலும் அவர்கள் குழந்தைகளை நெருங்கியது, குழந்தையின் தாயோடு ஏற்பட்ட பழக்கம் போன்ற உறவுகள் வழியாகத்தான்.

இந்தத் தகவல் மற்றோர் உண்மையோடு பொருந்திப் போகிறது. அமெரிக்க நீதித்துறை 2000இல் வெளியிட்ட கணக்கின்படி, காவல்துறைக்கு வந்த வழக்குகளில் பாதிக்கப்பட்ட சிறார்களுக்கு எதிராகக் குற்றம் செய்தவர்களில் 34 சதவீதம் குடும்பத்தினர், 59 சதவீதம் அறிமுகமானவர்கள், முன்பின் தெரியாதவர்கள் 7 சதவீதம் மட்டுமே. நியூயார்க் மாநிலத்தின் இருபது ஆண்டுக் கைதுப் பதிவுகளை ஆராய்ந்து 2008இல் வந்த ஆய்வோ, பாலியல் குற்றத்துக்காகக் கைதானவர்களில் 95 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள் அதற்கு முன் அத்தகைய குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டிராதவர்கள் என்று கண்டது. பதிவேட்டில் இருக்கும் அத்தனை பேரும் நாளையே முழுதும் திருந்திவிட்டாலும், நடக்கப்போகும் குற்றங்களில் மிகப் பெரும்பான்மை அப்படியே நிற்கும். தெருவில் யார் குடிவந்திருக்கிறார் என்று இணையத்தில் தேடும் பெற்றோர், தன் வீட்டுக்கு வந்துபோகும் உறவினரைப் பற்றியோ, விளையாட்டுப் பயிற்சியாளரைப் பற்றியோ குழந்தை தயங்கித் தயங்கிச் சொல்லும் ஒரு வார்த்தையைக் கேட்காமல் விட்டுவிடுகிற ஆபத்து இருக்கிறது. பதிவேட்டின் மீது எனக்குள்ள பெரிய மனக்குறை அதுதான். அது கவனத்தைத் தவறான பக்கம் திருப்புகிறது.

இந்தியாவிலும் 2018 செப்டம்பரில் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பாலியல் குற்றவாளிகளுக்கான தேசியத் தரவுத்தளத்தைத் தொடங்கியது. தொடக்கத்தில் ஏறத்தாழ 4.4 லட்சம் பதிவுகள் அதில் இருந்தன. காவல்துறை மட்டுமே பார்க்கக்கூடியதாக அது அமைந்திருப்பது, அமெரிக்க அனுபவத்தோடு ஒப்பிட்டால் நல்ல முடிவு. ஆனால் நம் ஆவணக் காப்பகம் வெளியிடும் மறுகுற்றக் கணக்கு வேறு வகையைச் சேர்ந்தது: கைதானவர்களில், சிறைக்கு வந்தவர்களில் எத்தனை பேர் முன்பே தண்டனை பெற்றவர்கள் என்று அது பின்னோக்கிப் பார்க்கிறது. வெளியே போனவர்களில் எத்தனை பேர் திரும்புகிறார்கள் என்று முன்னோக்கிப் பார்க்கும் கணக்கு அதுவல்ல. ஒன்றை மற்றொன்றாக எடுத்துக்கொண்டு தொலைக்காட்சி விவாதங்களில் பேசுவது அடிக்கடி நடக்கிறது. இந்தியாவில் பதிவாகும் பாலியல் வன்கொடுமை வழக்குகளில் 90 சதவீதத்துக்கும் மேலானவற்றில் குற்றம்சாட்டப்பட்டவர் பாதிக்கப்பட்டவருக்குத் தெரிந்தவர் என்று அதே காப்பகத்தின் ஆண்டறிக்கைகள் சொல்வதை அந்த விவாதங்களில் கேட்பது அரிது.

சிகிச்சை பலன் தருகிறதா என்ற கேள்விக்கு இங்கிலாந்து கற்றுக்கொண்ட பாடம் கசப்பானது. 1990களின் தொடக்கத்திலிருந்து இங்கிலாந்து, வேல்ஸ் சிறைகளில், பாலியல் குற்றவாளிகளைக் குழுவாக உட்கார வைத்து, அவரவர் குற்றத்தை விரிவாகப் பேச வைத்து, பாதிக்கப்பட்டவரின் வலியை உணரச் செய்யும் திட்டம் ஒன்று நடந்துவந்தது. உலகின் பல நாடுகள் அதைப் பார்த்துத் தங்கள் திட்டங்களை வகுத்தன. 2017இல் நீதி அமைச்சகம் வெளியிட்ட மதிப்பீடு, அத்திட்டத்தில் பங்கேற்ற 2,562 பேரை, பங்கேற்காத 13,219 பேரோடு சராசரியாக எட்டு ஆண்டுகளுக்கும் சற்று மேல் ஒப்பிட்டது. சிகிச்சை பெற்றவர்களில் மீண்டும் பாலியல் குற்றம் செய்தவர்கள் 10 சதவீதம். பெறாதவர்களில் 8 சதவீதம். குழுவில் ஒருவர் பேசுவதை மற்றவர் கேட்பதாலேயே அந்த நடத்தை சாதாரணமானது என்ற எண்ணம் வளர்ந்திருக்கலாம் என்பது அறிக்கை முன்வைத்த காரணங்களில் ஒன்று. அரசு அந்தத் திட்டத்தைக் கைவிட்டு, 'ஹொரைசன்', 'கைசன்' என்ற புதிய திட்டங்களைக் கொண்டுவந்தது. கால் நூற்றாண்டு நடந்த ஒரு திட்டம் தீங்கு செய்திருக்கலாம் என்பதை அரசே அளந்து, வெளியிட்டு, நிறுத்தியது பாராட்டத்தக்கது. ஆனால் அளப்பதற்கு அத்தனை ஆண்டு எடுத்துக்கொண்டதற்கான விலையை யாரோ கொடுத்திருக்கிறார்கள்.

எல்லாச் சிகிச்சையும் வீண் என்று இதிலிருந்து முடிவு கட்டிவிடவும் கூடாது. மார்ட்டின் ஷ்முக்கரும் ஃப்ரீட்ரிஷ் லோசலும் 2015இல் 29 ஒப்பீடுகளைத் தொகுத்தபோது, சிகிச்சை பெற்றவர்களில் 10.1 சதவீதமும் பெறாதவர்களில் 13.7 சதவீதமும் மீண்டும் பாலியல் குற்றம் செய்திருந்தார்கள். சிறைக்கு வெளியே, சமூகத்தில் நடத்தப்பட்ட சிகிச்சைகளும், ஒவ்வொருவருடைய நிலைக்கும் ஏற்ப அமைந்தவையும் கூடுதல் பலன் தந்தன. கனடாவின் ஹாமில்டன் நகரில் 1994இல், எல்லாரும் அஞ்சி விரட்டிய ஒரு விடுதலைக் கைதியை மென்னோனைட் கிறித்தவ சபையைச் சேர்ந்த சிலர் சுற்றி நின்று கவனித்துக்கொண்டதிலிருந்து ஒரு முறை பிறந்தது. நான்கைந்து தன்னார்வலர்கள் வாரந்தோறும் அவரைச் சந்திக்கிறார்கள். வேலை தேட, வீடு பார்க்க உதவுகிறார்கள். நடத்தையில் ஏதாவது மாற்றம் தெரிந்தால் முகத்துக்கு நேரே கேட்கிறார்கள், தேவைப்பட்டால் காவல்துறைக்குச் சொல்கிறார்கள். மின்னசோட்டா மாநிலம் இதைக் கையிலெடுத்து, தகுதியானவர்களைக் குலுக்கல் முறையில் இரு குழுவாகப் பிரித்துச் சோதித்தபோது, இந்த ஏற்பாட்டில் இருந்தவர்கள் மீண்டும் கைதானது தெளிவாகக் குறைவாக இருந்தது. தடையாலும் அவமானத்தாலும் கிடைக்காத கண்காணிப்பு, அருகில் உட்கார்ந்து பேசும் சிலரால் கிடைத்திருக்கிறது.

அமெரிக்காவில் சட்டமும் மெல்ல அசையத் தொடங்கியிருக்கிறது. 2016இல் ஆறாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம், மிச்சிகன் மாநிலம் பதிவேட்டு விதிகளைப் பின்தேதியிட்டுக் கடுமையாக்கியது தண்டனையே என்று தீர்ப்பளித்தது. நாட்டிலேயே முதன்முதலில், 1947இல், பதிவேடு தொடங்கிய கலிஃபோர்னியா, குற்றம் எதுவாயினும் ஆயுள் முழுதும் பெயர் இருக்கும் என்ற முறையை 2017இல் இயற்றிய சட்டத்தால் மாற்றியது. 2021 ஜனவரி முதல் அங்கே மூன்று அடுக்குகள்: பத்து ஆண்டு, இருபது ஆண்டு, ஆயுள். ஸ்டாட்டிக்-99 படிவத்தின் திருத்திய வடிவில் மிக உயர்ந்த ஆபத்துப் பிரிவில் வருபவர்கள் மூன்றாம் அடுக்கில் வைக்கப்படுகிறார்கள். முதல் இரண்டு அடுக்குகளில் உள்ளவர்கள் காலக்கெடு முடிந்ததும் நீதிமன்றத்தில் மனுப் போடலாம். மாவட்ட அரசு வழக்கறிஞர் ஆட்சேபித்தால் விசாரணை நடக்கும். அந்த விசாரணையில் நீதிபதி பார்க்க வேண்டியவற்றில், அவர் எத்தனை ஆண்டுகள் புதிய குற்றம் ஏதுமின்றி வெளியே வாழ்ந்திருக்கிறார் என்பதும் ஒன்று.